விஜிலாவின் சைக்கிளில் நான்கு ஓட்டைகள்

ரோச் எங்கே ஓட்டையைக் கண்டாலும் முதலில் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்ப்பான். எவ்வளவு ஆழம் என்று அளப்பதுபோல ஓர் அழுத்து. பிறகு இடுப்பு மடிப்பிலிருந்து பஞ்சுத் திரி ஒன்று வெளியே வரும். சுவரில் ஆணி பிடுங்கிய தடம், மேசைக் காலில் பூச்சி அரித்த துளை, குசினி ஜன்னலில் திருகாணி கழன்ற இடம், பயன்படாத அலமாரியின் சாவித் துவாரம், எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பிளாஸ்டிக் மேசையில் சிகரெட் சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. இலையில் சோறு விழுவதற்குள் அதையும் காகிதம் சுருட்டி அடைத்துவிட்டான். அவன் தங்கை விஜிலா இதை இருபத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாளே தவிர, ஒன்றும் சொன்னதில்லை.

அவன் தொழில் அப்படி. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளுக்குக் கலப்பத்து அடிக்கிறவன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் மீன் எண்ணெயும் காய்ச்சிப் பூசித் தண்ணீர் ஏறாமல் அடைக்கிற வேலை. அவன் அடைத்த இடுக்கு ஒழுகியதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. அதை அவனே வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லுவான்.

விஜிலா எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா இறந்த வருடம் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் பித்தான் தைக்க விட்டார்கள். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தாள். பிறகு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் தரம்பிரிக்கும் வேலை. கல்யாணம் அமையவில்லை. மாப்பிள்ளையூரணியில் அப்பா கட்டிய வீட்டில் கிழக்கு அறை அவளுக்கு என்று அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். எழுதி வைக்கவில்லை. சொன்னது மட்டும்தான். அந்த அறையில் வாஷிங் மிஷினும் அரிசி மூட்டையும் வைக்கலாம் என்பது ரோச்சின் மனைவி பிளாரன்ஸின் நெடுநாள் எண்ணம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த அறையைக் காட்டி, "இங்கன நல்லா வெளிச்சம் வரும், என்ன செய்ய" என்பாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று தொடக்கத்தில் கம்பெனி வேன் மாப்பிள்ளையூரணிப் பக்கம் வருவதை நிறுத்தியது. ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். ஏழு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். விஜிலா இரண்டு தடவை பிந்திப் போனாள். சூப்பர்வைசர் டேவிட்சன் நாசரேத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். நோட்டில் எழுதியதை அழிக்கவும் மாட்டார்.

"விஜிலா, ரெண்டு ஆச்சு. மூணுன்னா நான் ஒண்ணும் பேச வேண்டியதில்ல. நீயே புரிஞ்சிக்கிட்டு வராம இருந்துக்க."

ரோச்சின் ஸ்கூட்டர் தினமும் அதே கம்பெனி வாசலைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போகும். அவள் அதுவரை அவனிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

"எங்கன உக்காருவ? பின்னால உளிப்பெட்டி இருக்கு" என்றான் ரோச்.

"மடியில வச்சுக்கிடுதேன்."

"என் உளிய நீ மடியில வைக்கவா? வேலைக்குப் போற நேரத்துல பொம்பளைய ஏத்திக்கிட்டுப் போனா அன்னைக்கு வேலை விளங்கும்." தட்டிலிருந்து தலையை எடுக்காமலே தொடர்ந்தான். "வேலை போனா போவட்டும். மணப்பாட்டுல பெரியம்மா படுத்த படுக்கையா கெடக்கா. திருப்பிப் போட ஆளில்ல. நீ போய்க் கெட. சோறு கெடைக்கும்."

"ரூமும் காத்தாடும்" என்றாள் பிளாரன்ஸ்.

ஆக, ஏழு மணி என்பது விஜிலாவுக்கு வெறும் நேரமாக இல்லை. அந்த கேட்டைத் தவறவிட்டால் வேலை போகும், வேலை போனால் அறை போகும், அறை போனால் மணப்பாட்டில் ஒரு கிழவியின் கட்டிலுக்குக் கீழே பாய். அவளுக்கு நாற்பது வயதாகியிருந்தது.

வீட்டிலிருந்து கம்பெனிக்கு ரோடு வழியாகச் சுற்றிப் போனால் ஒன்பது கிலோமீட்டர். உப்பளங்களுக்கு நடுவே உள்ள மண்பாதையில் போனால் ஐந்துதான். ஆனால் அது உப்பு லாரி ஏறி ஏறிக் குழியாகிப்போன பாதை. அடுத்த தெரு ஜெனிலா அதில் லேடீஸ் சைக்கிள் ஓட்டி, ஒரே மாதத்தில் முன் ரிம்மை வளைத்துக்கொண்டு வந்தாள். சாதாரண சைக்கிள் தாங்காது என்பது விஜிலாவுக்குத் தெரியும். தாங்கக்கூடிய சைக்கிள் எது என்பதும் தெரியும். அதைப் பதினைந்து வயதில் பார்த்திருக்கிறாள்.

டெய்லர் கடைக்கு நேர் எதிரே சிவசுப்பிரமணியனின் சைக்கிள் கடை இருந்தது. இப்போதும் இருக்கிறது. பித்தான் தைக்கக் கண் பாதி போதும். மீதிக் கண்ணால் அவள் பன்னிரண்டு வருடம் அந்தக் கடையைப் பார்த்தாள். அங்கே ஒரு நாள் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் வந்தார். துறைமுகத்தில் தூர்வாரும் கப்பலோடு வந்தவர். ஊதா நிறத்தில் ஒரு கியர் சைக்கிள், வாழைத்தண்டு கனத்தில் டயர், தடித்த இரும்புக் குழாய். முந்தின நாள் பெய்த மழையில் நனைந்திருந்தது. அவர் சிவசுப்பிரமணியனைத் தொட விடவில்லை. தானே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டை உருவி, உள்ளே இருந்த தண்ணீரை ஊற்றினார். பிறகு நிமிர்த்தி, பெடல் அச்சு ஓடும் குழலுக்கு அடியில் இருந்த சின்ன ஓட்டையைத் தீக்குச்சியால் குத்திச் சுத்தம் செய்தார். மீதித் தண்ணீர் அதன் வழியே சொட்டியது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் போவதற்கு அந்த ஓட்டை. யாரும் விஜிலாவுக்கு விளக்கிச் சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

கப்பல் போனபோது அவர் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். அது ஒரு வாட்ச்மேனிடம் இருந்தது, பிறகு ஒரு தோணி முதலாளி மகனிடம் இருந்தது, பிறகு காணாமல் போனது. இருபத்தைந்து வருடம் கழித்து, பைபாஸ் பக்கம் லிங்கராஜின் பழைய இரும்புக் கடையில், நங்கூரச் சங்கிலிக் குவியலுக்கு அடியில் ஊதாவாக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்ததை ஷேர் ஆட்டோவிலிருந்து அவள் கண் பிடித்தது. மாலையில் திரும்பும்போது அங்கேயே இறங்கினாள்.

லிங்கராஜ் சங்கிலியைப் புரட்டி அதை வெளியே இழுத்துப் போட்டார். செயின் ஒரே துருக்கட்டி. டயர் பிஸ்கட்டைப்போல உதிர்ந்தது. கம்பிகளில் உப்பு பூத்திருந்தது.

"இத வச்சு என்னம்மா செய்யப் போற?"

"ஓட்டப் போறேன் அண்ணாச்சி."

"இதயா? இதுல ஏறினா இதுதான் உன்ன ஓட்டும்." கடைப் பையன்கள் சிரிக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "சைக்கிளுன்னு தர மாட்டேன். இரும்புன்னுதான் தருவேன். நாளைக்கு பிரேக் பிடிக்கல, விழுந்துட்டேன்னு எவனையும் கூட்டிக்கிட்டு வரக் கூடாது."

"இரும்புக்கு இரும்பு தாரேன்" என்றாள்.

டெய்லர் கடையை மூடும்போது முதலாளியம்மா கொடுத்த தையல் மிஷின் அவள் அறையில் இருந்தது. கம்பெனி வேலை போனால் அதை வைத்துப் பிழைக்கலாம் என்று வைத்திருந்தாள். மறுநாள் அதைச் சின்ன யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதே வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

பிளாரன்ஸ் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "பாத்தியளா, ஓடுற மிஷினக் குடுத்துட்டு ஓடாத சைக்கிள வாங்கிட்டு வந்திருக்கா. இவளுக்கா மாப்பிள பாத்துக்கிட்டு அலைஞ்சோம்."

மூன்று மாதம் ஆயிற்று அதைச் சரிசெய்ய. அதுவரை விடியுமுன்னே போய் நின்று, ஷேர் ஆட்டோவின் தயவில் ஏழு மணிக்குத் தப்பித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்து, பின்கட்டில் கொய்யா மரத்தடியில் உட்காருவாள். முதலில் சிவசுப்பிரமணியனிடம்தான் போனாள். அவர் சைக்கிளைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"எதுத்த கடையில இருந்து முறைச்சுக்கிட்டே இருப்பியே, நீதான? பாத்துக்கிட்டே இருந்தா தொழில் வந்திருமா? இதுக்கு இங்கன சாமான் கெடையாது. இருந்தாலும் தர மாட்டேன். போ."

டயருக்கும் பிரேக் கம்பிக்கும் கிராங்க் கழற்றும் கருவிக்கும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். சக்கரத்தின் கோட்டத்தைத் தானே எடுத்தாள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ரிம்முக்கு அருகே சாக்பீஸைப் பிடித்துச் சுற்றிவிட்டு, எங்கே சுண்ணாம்பு படுகிறதோ அங்கே கம்பியைத் திருகுவது. சிவசுப்பிரமணியன் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். அவளுக்குப் பதினோரு சாயங்காலம் ஆனது. சாயங்காலம்தோறும் பக்கத்து மாடியிலிருந்து யாராவது, "ஏளா விஜிலா, ஒலிம்பிக் எப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். குரலை வைத்து யார் என்று தெரிந்துகொள்வாள்.

கடைசியாக மக்கர் செய்தது சீட் கம்பி. அது அலுமினியம், குழாய் இரும்பு. உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினாள், தட்டினாள், தொங்கிக்கூடப் பார்த்தாள். அசையவில்லை. கம்பெனியில் இறால் உறையவைக்கும் அலுமினியத் தட்டுகள் பகலில் இரும்பு ரேக்கில் இறுகிக்கொள்ளும். குளிர் ஏறிவிட்டால் தானாக வழுக்கிக்கொண்டு வரும். அதைத் தினமும் இழுத்துப் பழகிய கை அவளுடையது. ஒரு சனிக்கிழமை தூக்குவாளி நிறைய ஐஸ் கொண்டுவந்தாள். ஐஸோடு உப்பைக் கலந்து, நீளமான பிளாஸ்டிக் கவரில் கட்டி, சீட் கம்பியின் பொந்துக்குள் இறக்கினாள். குழாயின் மேலே கொதிக்கிற வடிகஞ்சியை ஊற்றினாள். மூன்றாவது தடவை கம்பி முனகிக்கொண்டு திரும்பியது. உருவும்போது கவர் கிழிந்து கொஞ்சம் உப்புத்தண்ணீர் உள்ளே போனது. நல்ல தண்ணீர் விட்டு அலசி, அடி ஓட்டை வழியே வடியவிட்டாள்.

பிளாரன்ஸ் குசினிக்குள்ளிருந்து, "கஞ்சியும் போச்சு" என்றாள்.

அடுத்த வாரம் துருவைச் சுரண்டி, அதே ஊதாவில் எனாமல் பெயிண்ட் அடித்து, சக்கரமும் பெடலும் கழற்றிய வெறும் கூட்டை மட்டும் கொய்யாக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள். அதில் நான்கு ஓட்டைகள் இருந்தன. பெடல் குழலின் அடியில் ஒன்று, பின்சக்கரத்துக்குப் போகும் குழாயில் ஒன்று, முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரு கால்களிலும் ஒவ்வொன்று. பெயிண்ட் அடைத்துவிடாமல் நான்கிலும் தீக்குச்சியைச் செருகி வைத்து, காய்ந்ததும் எடுத்தாள். மறுநாள் ஞாயிறு. பெரியம்மாவுக்கு மருந்து கொண்டுபோகச் சொல்லி பிளாரன்ஸ் அவளை மணப்பாட்டுக்கு அனுப்பினாள். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தவள், திங்கள் சாயங்காலம் கூட்டை இறக்கி எல்லாவற்றையும் பூட்டினாள். பெடல் குழலின் அடியில் பெயிண்ட் கொஞ்சம் தடித்திருப்பது கையில் பட்டது. சொட்டு இறங்கி உறைந்திருக்கும் என்று நினைத்தாள். அவள் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

ஜூன் மாதத்திலிருந்து சைக்கிளில் போனாள். ஆறு மணிக்குக் கிளம்பினால் உப்பளம் வழியாக ஆறரைக்குள் கம்பெனி. தடித்த டயர் குழியை விழுங்கிக்கொண்டு போனது. டேவிட்சன் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "உள்ள நிறுத்தாத, ஐஸ் வண்டி வரும்" என்றார். தெருவில் தினமும் ஒரு கேலி. சுடிதார் பேன்ட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு போனது ஒரு வாரப் பேச்சு. வாசலில் நிற்கும் சைக்கிளை ரோச் சில நேரம் கைகட்டி நின்று பார்ப்பான், தானே செய்து இறக்கியதைப்போல. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. காரணம் அப்போது தெரியாது.

அந்த டிசம்பரில் ஊரே முங்கியது. உப்பளமும் ரோடும் ஒன்றாகத் தெரிந்தன. மழை விட்ட பிறகும் பத்து நாள் முழங்கால் ஆழத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் போனாள். கம்பெனியில் பாதிப் பேர் வரவில்லை. அவள் வந்தாள். வீட்டுக்கு வந்து சீட்டை உருவி, கவிழ்த்து, தண்ணீரை ஊற்றினாள். மீதி அடி ஓட்டையில் வடிந்துவிடும் என்று விட்டுவிட்டாள். அடுத்த வருடமும் மழை பெய்தது. அப்போதும் அப்படித்தான் செய்தாள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு நவம்பரில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பெடல் மிதிக்கும்போது கூடு அடியில் நொடிப்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தாள். பெடல் குழலின் அடியில் பெயிண்ட் அப்பளம்போல உப்பியிருந்தது. நகத்தால் தொட்டாள். உரிந்தது. உள்ளேயிருந்து எலிவால்போல ஒன்று எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. நிமிர்த்தி வைத்ததும் கறுத்த தண்ணீர் அரைச் சொம்பு அளவுக்குக் கொட்டியது. கையில் இருந்ததை மூக்கருகே கொண்டுபோனாள். குங்கிலியம், மீன் எண்ணெய். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

திருப்புளியை அந்த இடத்தில் வைத்து லேசாக அழுத்தினாள். இரும்புக்குள் போய்விட்டது. நெல்லிக்காய் அளவுக்குக் குழல் இற்றுப்போயிருந்தது.

ரோச் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் திரியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

அவன் அதை எடுத்து விரலில் உருட்டினான். "என் திரி."

"என் சைக்கிளுக்கு அடியில இருந்துச்சு."

"ஆமா. நீ மணப்பாட்டுக்குப் போயிருந்த அன்னைக்கு. நாலு ஓட்டைய அப்படியே விட்டுட்டு பெயிண்ட் அடிச்சு வச்சிருந்த. ஓட்டையோட எவனாவது எறக்குவானா?" திரியைப் பிரித்து உள்ளே பார்த்தான். "ஒண்ணர வருசம் ஆச்சு. உள்ள நனையல, பாத்தியா."

"திரி நல்லாருக்கு. இரும்பு செத்துப்போச்சு."

"தண்ணி ஏறிரக்கூடாதுன்னு அடைச்சு, மேல உன் மிச்சப் பெயிண்டயும் பூசிவிட்டேன்."

"மேல ஏறுற தண்ணி கீழ எறங்கறதுக்குத்தான் அந்த ஓட்ட. தோணி மெதக்கணும். சைக்கிள் மெதக்கணுமா?"

அவள் இவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிளாரன்ஸ் குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"நல்லது செஞ்ச மனுசனப் பாத்து என்ன பேச்சுப் பேசுதா பாரு. வெள்ளத்துக்குள்ள ஓட்டினா இரும்பு துருப்பிடிக்காம பூவா பூக்கும்?"

"அதுக்குள்ள ஐஸும் உப்பும் போட்டது யாரு?" என்றான் ரோச். "நானா? உப்பக் கொட்டினவ நீ. அடைச்சவன் மேல பழி."

கவர் கிழிந்தது உண்மை. அலசினேன் என்றாள். வடிந்தது என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அதைக் கண்டுகொண்டு ரோச் குரலை ஏற்றினான்.

"இருபத்தாறு வருசமா ஓட்டைய அடைச்சுத்தான் இந்த வீட்டுக்குச் சோறு போடுதேன். எனக்கு நீ ஓட்டையப் பத்திச் சொல்லாத. சைக்கிள் போச்சுன்னா விடு. திங்கக்கெழம நானே உன்ன மணப்பாட்டு பஸ்ஸுல ஏத்திவிடுதேன்."

விஜிலா அவன் கையைப் பார்த்தாள். பேசிக்கொண்டே அவன் இடது கட்டைவிரல் மேசையின் ஓரத்தில் ஒரு துளையை அமுக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கே தெரியவில்லை. தன் வேலையைக் கெடுக்கவேண்டும் என்றுதான் அடைத்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை. அவளைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. கொய்யா மரத்தில் ஓட்டைகள் தொங்கின, அடைத்தான். கெடுதல் செய்கிறவனாவது ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருப்பான். இது புரிந்தபோது இருந்த கோபம் இன்னும் இறுகியது. திரியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

சிவசுப்பிரமணியனின் கடை ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும். இற்றுப்போன இடத்தில் தகடு வைத்துப் பித்தளை உருக்கி ஒட்டும் வேலை அந்தப் பக்கத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். விஜிலா பூசைக்குப் போகவில்லை. "கோயிலயும் விட்டாச்சு" என்று பிளாரன்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இதையா? வெட்டிப் போடு. எடைக்குப் போவும்" என்றார் அவர்.

"ஒட்டித் தாங்க அண்ணாச்சி. நாளைக்கு ஏழு மணிக்கு நான் போவணும்."

"நீ போனா என்ன, போவாட்டி என்ன. கடைய மறைக்காத."

அவள் மறைக்கவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனாள். டெய்லர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஞாயிறு என்பதால் மூடியிருந்தது. அதன் படியில் உட்கார்ந்தாள், பழைய இடத்தில், பழைய மாதிரி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவன் வந்து பின்சக்கரத்துக்கு வேலை சொன்னான். சிவசுப்பிரமணியன் சக்கரத்தைக் கழற்றினார். ஒரு தடவை எதிரே பார்த்தார். மறுபடி பார்த்தார். அவன் டீ குடிக்கப் போனதும் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"என்னத்தப் பாக்க?"

"அந்தாளு சக்கரத்துக்குள்ள நீங்க போடப்போற பேரிங் குண்டப் பாக்கேன்."

அவர் முகம் மாறியது.

"புதுக் குண்டுன்னு சொல்லி, பழசையே மண்ணெண்ணெயில கழுவிப் போட்டுக் காசு வாங்குவீங்க. பன்னெண்டு வருசம் பாத்தேன். சாக்கோபு வாத்தியார் வண்டிக்கு மூணு தடவ. கன்னியர் மடத்து வண்டிக்கு வருசத்துக்கு ஒண்ணு. தபால்காரர் வண்டியில நல்ல டியூப எடுத்துட்டு ஒட்டுப்போட்டதப் போட்டீங்க, அன்னைக்கு அவரு பையனுக்குக் காய்ச்சல், அவசரமாப் போனாரு. இன்னும் சொல்லவா?"

"எவன் நம்புவான்?"

"தெரியாது. அந்தாளு டீக்கடையிலதான் நிக்காரு. கேட்டுப் பாப்போம்."

அவள் கண்ணை எடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு வாழ்நாள் பழக்கம். யாரையும் மிரட்டியது அன்றுதான் முதல் தடவை.

சிவசுப்பிரமணியன் டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "தூக்கிட்டு வா" என்றார்.

மதியம் ஒரு மணி வரை ஆனது. இற்ற இடத்தை அறுத்தெடுத்து, தகடு வளைத்து, பித்தளையை உருக்கி ஓடவிட்டார். கை சுத்தமான கை. அதை அவள் மறுக்கவில்லை. முடித்துவிட்டு, கேட்காமலே, துளைபோடும் மெஷினை எடுத்து அடியில் ஓட்டை போட்டார். மற்ற மூன்று ஓட்டைகளிலும் இருந்த திரியைக் கம்பியால் குத்தி எடுத்து ரோட்டில் எறிந்தார்.

"எந்த மடையன் இத அடைச்சது?"

"எங்க அண்ணன்."

"குடும்பமே அப்படித்தானா?" கூலியை முழுசாக வாங்கிக்கொண்டார். "இதோட உனக்கும் எனக்கும் ஒண்ணும் கெடையாது. இந்தப் பக்கம் வந்து உக்காராத."

"சாமான்?"

அவர் பல்லைக் கடித்தார். "சாமான் வேணும்னா வா. உக்காராத."

திங்கட்கிழமை ஆறு முப்பத்தைந்துக்கு அவள் கேட்டுக்குள் இருந்தாள். டேவிட்சன் நோட்டில் மூன்றாவது கோடு விழவில்லை. அன்று சாயங்காலம் அறைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ரோச் அதைப் பார்த்தான்.

"என் வீட்டுக்குள்ளயே எனக்குப் பூட்டா?"

"உனக்கில்ல, உன் விரலுக்கு" என்றாள். அதுதான் அவனிடம் கடைசியாகப் பேசியது.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மணப்பாட்டுப் பெரியம்மாவைப் பார்க்க ஞானபாய் என்று ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். அறை இன்னும் எழுத்தில் விஜிலா பேருக்கு வரவில்லை, ஆனால் அதில் அவள்தான் இருக்கிறாள். சைக்கிள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பித்தளை ஒட்டுப்போட்ட இடம் ஊதாவுக்கு நடுவில் மஞ்சளாகத் தெரிகிறது, அதன் மேல் அவள் பெயிண்ட் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு ஓட்டைகளையும் தீக்குச்சியால் குத்திப் பார்க்கிறாள். நான்கும் திறந்திருக்கின்றன. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பேச்சு கிடையாது.